பார்பெரா: முதல் பாட்டில் வாங்குவது முதல் சாப்பாட்டு மேசை வரை

இத்தாலிய ரெட் ஒயின் குடித்துப் பழக நினைப்பவர்கள் பெரும்பாலும் பெயர் கேட்டுத்தான் வாங்குகிறார்கள். கியாந்தி கேள்விப்பட்டிருப்பார்கள், பரோலோ கேள்விப்பட்டிருப்பார்கள். இரண்டும் நல்ல ஒயின்கள்தான். ஆனால் முதல் பாட்டில் எது என்று என்னைக் கேட்டால் பார்பெரா என்பேன். வடமேற்கு இத்தாலியில் பியமோன்டே என்ற மாநிலம் இருக்கிறது. அங்கே ஆஸ்டி, அலெசாண்ட்ரியா, ஆல்பா ஊர்களைச் சுற்றியுள்ள குன்றுகளில் விளைகிற கறுப்புத் திராட்சை இது. திராட்சைக்கும் அதே பெயர், ஒயினுக்கும் அதே பெயர்.

பியமோன்டேயின் தலைநகரான டுரினில் வேலை பார்த்த இரண்டு வருடங்களில் பல வீடுகளில் சாப்பிட்டிருக்கிறேன். பரோலோவைக் கல்யாணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் எடுத்து வைத்திருப்பார்கள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் திறப்பது பார்பெரா. அது விலை குறைவு என்பதால் மட்டும் இல்லை, அந்த ஊர்ச் சமையலுக்கு அதைவிடப் பொருந்துகிற ஒயின் அங்கேயே கிடையாது. ஆகவே இதைத் தனியாக உட்கார்ந்து ருசிக்கிற பொருளாக நினைக்காதீர்கள். பக்கத்தில் தட்டு இருக்கவேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க அந்தத் தட்டை நோக்கித்தான் போகிறது.

முதலில் நாக்கைத் தயார் செய்யுங்கள்

ஒயின் பற்றிப் படிக்கத் தொடங்கினால் டானின் என்ற சொல் உடனே வந்து நிற்கும். பலர் அங்கேயே குழம்பிப் போகிறார்கள். தமிழில் குழம்பத் தேவையே இல்லை, அறுசுவையில் அதற்கு இடம் கொடுத்திருக்கிறோம்: துவர்ப்பு. வாழைப்பூவை நார் எடுக்காமல் கடித்தால், கொட்டைப்பாக்கை மென்றால், பால் விடாத கடும் தேநீரைக் குடித்தால் ஈறு இழுத்துப் பிடிக்குமே, அதுதான் டானினின் வேலை. திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து அது ஒயினுக்கு வருகிறது. புளிப்பு வேறு. அது திராட்சைச் சாற்றிலேயே இருக்கும் அமிலம்.

இந்த இரண்டையும் பிரித்து உணரத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஒரு வாய் ஒயினை எடுத்து நாலைந்து நொடி வாயில் வைத்திருந்து விழுங்குங்கள். பிறகு சும்மா இருங்கள். நாக்கின் இரு ஓரங்களிலும் எச்சில் ஊறினால் புளிப்பு. மேல் உதட்டுக்கு உள்பக்கமும் ஈறும் வறண்டு ஒட்டினால் துவர்ப்பு. பரோலோவில் இரண்டும் பலமாக இருக்கும், புதிதாகக் குடிப்பவருக்கு அந்தத் துவர்ப்புதான் தடை. பார்பெராவில் புளிப்பு தூக்கலாக இருக்கும், துவர்ப்பு மிகக் குறைவு. அதனால்தான் வாய் நிறைய எச்சில் ஊறி அடுத்த கவளம் கேட்கிறது.

நிறத்தை வைத்து மட்டும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. பார்பெராத் தோலில் நிறம் ஏராளம். இளம் பார்பெராவைக் கண்ணாடிக் கோப்பையில் ஊற்றிச் சாய்த்துப் பார்த்தால் நடுவில் கருஞ்சிவப்பு, விளிம்பில் நாவல்பழச் சாற்றின் ஊதா. இவ்வளவு அடர்த்தியாக இருக்கிறதே, கடுமையாக இருக்கும்போல என்று தோன்றும். குடித்தால் லேசாக இறங்கும். மணம் பெரும்பாலும் புளிப்புச் செர்ரி, பிளம்ஸ், கறுப்பு பெர்ரி வகைகள். சில பாட்டில்களில் வயலட் பூவின் வாசனையும் வரும். வராவிட்டால் கவலைப்படவேண்டாம், தேடிப் பிடிக்கிற பரீட்சை இல்லை இது.

அந்தப் புளிப்பு எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான திராட்சைகள் பழுக்கப் பழுக்கச் சர்க்கரை ஏறி அமிலம் இறங்கும். பார்பெராவிலும் சர்க்கரை ஏறும், ஆனால் அமிலம் அவ்வளவு சுலபமாக இறங்காது. அதனால் 14 அல்லது 15 சதவீத ஆல்கஹால் உள்ள பார்பெராகூடக் கனமாகத் தோன்றாமல் வாயில் துடிப்பாக இருக்கும். அமிலத்தைத் தணிக்க ஒயின் செய்பவர்கள் இரண்டாவதாக ஒரு நொதித்தலை நடக்க விடுகிறார்கள். பச்சை ஆப்பிளில் இருக்கும் மாலிக் அமிலத்தைப் பாக்டீரியாக்கள் தயிரில் இருக்கும் லாக்டிக் அமிலமாக மாற்றிவிடும். புளிப்பு போய்விடாது, அதன் கூர் மழுங்கும்.

எங்கிருந்து வந்தது

பியமோன்டேயில் யாரும் இதை ஆண்பாலில் சொல்வதில்லை. இத்தாலிய மொழியில் ஒயின் ஆண்பால் சொல், பரோலோவும் ஆண்பால். ஆனால் இந்த ஊர்க்காரர்களுக்கு இது "லா பார்பெரா", பெண். அந்தப் பேச்சில் ஒரு வாஞ்சை இருக்கிறது.

மொன்ஃபெராட்டோ குன்றுகளில் காசாலே மொன்ஃபெராட்டோ என்று ஒரு ஊர். அதன் பேராலயத்தின் குத்தகைப் பத்திரங்களில், 1246க்கும் 1277க்கும் இடைப்பட்டவை, "பார்பெக்சினிஸ்" என்ற நல்ல கொடிகளைப் பற்றிய குறிப்பு வருகிறது. இன்றைய பார்பெராவும் அதுவும் ஒன்றுதானா என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. எப்படியிருந்தாலும், இந்தக் குன்றுகளின் நிரந்தரக் குடியாக அது மாறியது பின்னாளில்தான். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிலாக்செரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பாவின் கொடிகளை அழித்தபின் மறுபடி நட்டபோது, விவசாயிகள் பார்பெராவை விரும்பி நட்டார்கள். எந்த மண்ணிலும் பிடிக்கும், தாராளமாகக் காய்க்கும், நெபியோலோ போல அடம்பிடிக்காது. நெபியோலோ என்பது பரோலோவுக்கான திராட்சை. இத்தாலியிலிருந்து புலம்பெயர்ந்தவர்கள் கலிஃபோர்னியாவுக்கும் அர்ஜென்டினாவுக்கும் எடுத்துப்போன கொடிகளில் பார்பெராவும் ஒன்று.

தாராளமாகக் காய்ப்பதுதான் அதற்கு வினையாகவும் போனது. ஒரு கொடியில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு குலை விட்டால் பழம் சரியாகப் பழுக்காது, புளிப்பு மட்டும் நிற்கும். அப்படிச் செய்த ஒயின் பெரிய கூஜாக்களில் மலிவாக ஓடியது. 1986 மார்ச்சில் நடந்தது அதைவிடக் கொடுமை. மலிவு ஒயினில் ஆல்கஹால் அளவைக் கூட்டிக் காட்டுவதற்காகச் சிலர் மெத்தனால் கலந்திருந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பலர் பார்வை இழந்தார்கள். விஷம் கலந்த பாட்டில்களில் இருந்த பெயர்களில் பார்பெராவும் ஒன்று. ஒழுங்காகத் தொழில் செய்த குடும்பங்களின் ஒயினைக்கூட வாங்க ஆளில்லை. நம் ஊர்களில் விஷச்சாராயச் சாவுகளைக் கேட்டு வளர்ந்த எனக்கு இதைப் படித்தபோது வயிறு கலங்கியது. இன்றைக்கு இத்தாலிய ஒயின் பாட்டில்களின் சோதனைகள் இவ்வளவு கறாராக இருப்பதற்கு அந்த மார்ச் மாதம் ஒரு முக்கியக் காரணம்.

பார்பெரா மீண்டு வந்ததற்குக் காரணம் அதற்கு நான்கு வருடம் முன்பே தொடங்கிய ஒரு முயற்சி. ரொக்கெட்டா தனாரோ என்ற சின்ன ஊரில் ஜாக்கமோ போலோஞ்ஞா என்ற ஒயின்காரர் இருந்தார். அவருடைய பண்ணையின் பெயர் பிராயிடா. பிரான்சின் போர்டோ நகரத்து ஒயின் அறிஞர் எமில் பெய்னோ, பார்பெராவைச் சிறிய ஓக் பீப்பாயில் முதிரவைத்துப் பார்க்கலாம் என்று 1970களில் யோசனை சொல்லியிருந்தார். இந்தத் திராட்சையில் துவர்ப்பு இல்லை, மரத்தில் இருக்கிறது. இல்லாததை மரம் கொடுக்கட்டும் என்பது கணக்கு. போலோஞ்ஞா ஒரு குன்றின் பழங்களைக் குறைந்த விளைச்சலில் நன்றாகப் பழுக்கவிட்டு, 225 லிட்டர் பிடிக்கும் பிரெஞ்சு பீப்பாய்களில் வைத்தார். 1982 அறுவடையில் வந்தது "பிரிக்கோ டெல் உச்செல்லோனே".

பிரிக்கோ என்றால் பியமோன்டே பேச்சில் குன்றின் உச்சி. அந்தக் குன்றின் மேலிருந்த வீட்டில் எப்போதும் கறுப்பு உடுத்திய ஒரு பாட்டி இருந்தாராம். ஊரார் அவரை உச்செல்லோனே, அதாவது பெரிய பறவை, என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள். ஒயினுக்கு அந்தப் பெயரே நிலைத்தது. கூஜாவில் விற்ற திராட்சையை உலகத்தின் நல்ல உணவகங்களில் பரோலோவுக்குச் சமமாக உட்காரவைத்த பாட்டில் அது. போலோஞ்ஞா 1990இல் இறந்துபோனார், பண்ணையைப் பிள்ளைகள் நடத்துகிறார்கள்.

லேபிளைப் படிப்பது

கடைக்குப் போனால் பார்பெரா என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஓர் ஊர்ப் பெயர் இருக்கும். அதைத்தான் பார்க்கவேண்டும். அதற்கு முன் ஓர் எச்சரிக்கை: பார்பரெஸ்கோ என்று ஒரு ஒயின் பக்கத்திலேயே நிற்கும். எழுத்து கிட்டத்தட்ட ஒன்றுதான், ஒயின் முற்றிலும் வேறு. அது நெபியோலோ திராட்சையில் செய்தது, துவர்ப்பு பலமானது, விலையும் அதிகம். அவசரத்தில் மாற்றி எடுத்துவிடாதீர்கள்.

பார்பெரா டாஸ்டி என்றால் ஆஸ்டியின் பார்பெரா. 1970இல் டிஓசி என்ற அரசு அங்கீகாரம் கிடைத்தது, 2008இல் அதற்கும் மேல்படியான டிஓசிஜி. அந்த வகைப் பாட்டில்களின் கழுத்தில் எண் அச்சிட்ட அரசு முத்திரைத் தாள் ஒட்டியிருக்கும். குறைந்தது 90 சதவீதம் பார்பெரா இருக்கவேண்டும் என்பது விதி. அறுவடைக்கு அடுத்த மார்ச்சிலேயே கடைக்கு வரலாம், ஆகவே சாதாரண ஆஸ்டி பார்பெரா இளமையாகவும் பழவாசனையோடும் இருக்கும். "சுப்பீரியோரே" என்று சேர்ந்திருந்தால் குறைந்தது 14 மாதம் முதிர்ந்தது, அதில் 6 மாதம் மரத்தில்.

பார்பெரா டால்பா என்றால் ஆல்பாவின் பார்பெரா. இது டிஓசி. இதில் 15 சதவீதம் வரை நெபியோலோ கலக்கலாம். கொஞ்சம் உருண்டு திரண்ட, மென்மையான ஒயினாக இருப்பது வழக்கம்.

நிட்சா என்று மட்டும் எழுதியிருந்தால் அதுவும் பார்பெராதான், பெயரைத் தேடினால் முன்பக்க லேபிளில் கிடைக்காமல்கூடப் போகலாம். நிட்சா மொன்ஃபெராட்டோவைச் சுற்றிய 18 ஊர்களில், வெயில் படும் தெற்குச் சரிவுகளில் விளைந்த நூறு சதவீதப் பார்பெரா. 2014 முதல் தனி டிஓசிஜி. குறைந்தது 18 மாதம் முதிரவைக்கவேண்டும், "ரிசெர்வா" என்றால் 30 மாதம்.

பார்பெரா டெல் மொன்ஃபெராட்டோவில் "விவாசே" அல்லது "ஃபிரிட்சான்டே" என்று இருந்தால் லேசாக நுரைக்கும். ரெட் ஒயினில் நுரையா என்று ஒதுக்காதீர்கள். சலாமி என்ற உப்பிட்டு உலர்த்திய இறைச்சித் துண்டுகளோடு குளிரக் குடித்தால் மிகவும் பிடித்துப்போகும். கிராமத்துப் பெரியவர்கள் பலர் இன்றும் இதைத்தான் நிஜப் பார்பெரா என்பார்கள்.

ஆஸ்டியா ஆல்பாவா என்று கேட்டால் நான் ஆஸ்டி பக்கம். காரணம் குன்றுச் சரிவு. ஆல்பாவைச் சுற்றித்தான் பரோலோவும் பார்பரெஸ்கோவும் இருக்கின்றன. வெயில் நன்றாக விழும் தெற்குச் சரிவை அங்கே நெபியோலோவுக்குக் கொடுத்துவிட்டு, மிஞ்சிய இடத்தில் பார்பெராவை நடுவது வழக்கம். விலை அதற்குத்தான் கிடைக்கிறது, விவசாயியைக் குறை சொல்ல முடியாது. ஆஸ்டியிலும் நிட்சாவிலும் நிலைமை வேறு. அங்கே பார்பெராதான் வீட்டுக்கு மூத்த பிள்ளை, நல்ல இடம் அதற்கே. புளிப்பு அதிகமான திராட்சைக்கு வெயில் எவ்வளவு முக்கியம் என்பது குடித்துப் பார்த்தால் தெரியும். ஆல்பாவில் அருமையான பார்பெரா செய்கிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. செய்தவர் யார் என்று தெரியாமல் கண்ணை மூடி வாங்குவதாக இருந்தால் ஆஸ்டிக்கே போங்கள்.

வாங்கும்போது

ஒரு பாட்டில் வாங்காதீர்கள், முடிந்தால் இரண்டு வாங்குங்கள். ஒன்று மரம் படாத, அதாவது மரப் பீப்பாயில் வைக்காத, இளம் ஆஸ்டி பார்பெரா, அறுவடை ஆகி இரண்டு மூன்று வருடத்துக்குள் இருப்பது. இன்னொன்று சுப்பீரியோரே அல்லது நிட்சா. இரண்டையும் ஒரே சாப்பாட்டில் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றினால், புத்தகம் பத்துப் பக்கத்தில் சொல்வதை நாக்கு ஒரு நிமிடத்தில் கற்றுக்கொள்ளும்.

மரம் பட்டதா படாததா என்று லேபிள் எப்போதும் சொல்லாது. கடைக்காரரைக் கேட்பதே நல்லது: "பீப்பாயில் வைத்ததா, இரும்புத் தொட்டியில் வைத்ததா?" என்று கேளுங்கள். இங்கே இரும்பு என்பது துருப்பிடிக்காத எஃகு. "பாரிக்" என்ற சொல் இருந்தால் சிறிய ஓக் பீப்பாய். ஆல்கஹால் 14.5, 15 என்று இருந்தால் பெரும்பாலும் நன்கு பழுத்த, கனமான வகை. "இம்போத்திலியாட்டோ அல்லோரிஜினே" என்று பின்பக்கம் இருந்தால், விளைந்த பண்ணையிலேயே பாட்டிலில் அடைத்தது என்று அர்த்தம்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் முதலில் வாங்கியது தவறான பாட்டில். கடையில் விலை கூடியதை எடுத்துக் கொடுத்தார்கள், நல்லதாகத்தான் இருக்கும் என்று வாங்கினேன். ஜூலை மாதம், மின்விசிறிகூட இல்லாத வீடு. திறந்து ஊற்றினால் முதலில் வெனிலா வாசனை, அடுத்து தொண்டையில் சூடு, பழம் எங்கே என்றே தெரியவில்லை. புது ஓக்கின் வாசனை அடங்க இன்னும் மூன்று நான்கு வருடம் காத்திருக்கவேண்டிய ஒயின் அது. வெதுவெதுப்பாக வேறு குடித்தேன். பார்பெரா என்றால் இதுதான் என்று முடிவு கட்டி ஆறு மாதம் அதன் பக்கமே போகவில்லை. அந்த ஆறு மாதத்தை நீங்கள் இழக்கவேண்டாம்.

ஊற்றும்போது

அறை வெப்பத்தில் குடிக்கவேண்டும் என்று ரெட் ஒயினைப் பற்றிச் சொல்வது, குளிர்காலத்துக் கல் வீடுகளை மனதில் வைத்துச் சொன்னது. இளம் பார்பெராவுக்கு 14 முதல் 16 டிகிரி, முதிர்ந்ததற்கு 16 முதல் 18. உங்கள் அறை 28 டிகிரி என்றால் பாட்டில் ஒரு மணி நேரமாவது ஃபிரிட்ஜில் இருக்கட்டும். அவசரமென்றால் வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர் போட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் வையுங்கள். கையில் தொட்டால் மண்பானைத் தண்ணீரின் குளிர்ச்சி இருக்கவேண்டும், ஐஸ்கிரீமின் குளிர்ச்சி கூடாது. நுரைக்கும் வகையை மட்டும் இன்னும் கொஞ்சம் குளிரவிடலாம்.

கோப்பை எதுவானாலும் சரி, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். வாசனைக்கு இடம் வேண்டும். இளம் பார்பெராவைத் திறந்த உடனே குடிக்கலாம். மரம் பட்டதை அரைமணி நேரம் முன்பே திறந்து, வாய் அகன்ற ஜாடியில் ஊற்றி வைத்தால் நன்றாக இருக்கும்.

தட்டில் என்ன

இனிதான் விஷயமே இருக்கிறது. ஒரு விதியை மட்டும் நினைவில் வையுங்கள்: சாப்பாட்டின் புளிப்பு ஒயினின் புளிப்பைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். தக்காளிச் சாஸ் ஊற்றிய பாஸ்தாவோடு பல ரெட் ஒயின்கள் தோற்பது இதனால்தான். பார்பெரா தோற்காது, தக்காளியின் புளிப்புக்கு ஈடுகொடுக்கும் புளிப்பு அதனிடம் இருக்கிறது. இன்னொரு பக்கம், கொழுப்பும் எண்ணெயும் உப்பும் நிறைந்த சாப்பாட்டைப் புளிப்பு துடைத்துக் கழுவிவிடும்.

இதை முழுதாகப் புரிந்துகொள்ள பாஞா காவ்டா என்ற பண்டத்தைப் பார்க்கவேண்டும். "சூடான தோய்ப்பு" என்று பொருள். பூண்டு, உப்பிட்ட நெத்திலி, ஆலிவ் எண்ணெய், அவ்வளவுதான். பியமோன்டேக்குக் கடல் கிடையாது. தெற்கே லிகூரியக் கரையிலிருந்து மலைப்பாதைகளில் உப்போடு சேர்ந்து நெத்திலியும் வந்தது, கடல் பார்க்காத குன்றுகளின் பிரியமான மீனானது. 2005இல் ஆஸ்டி பக்கத்தில் அதிகாரபூர்வமாகப் பதிவு செய்துவைத்த செய்முறையில் 12 பேருக்கு 12 முழுப் பூண்டு, 600 கிராம் நெத்திலி, ஆறு கோப்பை ஆலிவ் எண்ணெய். ஆளுக்கு ஒரு முழுப் பூண்டு!

நவம்பர் மாதத்தில் நிட்சா பக்கம் ஒரு வீட்டில் இதைச் சாப்பிட்டேன். வீட்டுக்காரம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். மண்சட்டியில் பூண்டை மெல்லிய சீவல்களாகப் போட்டு, எண்ணெய் விட்டு, மிகச் சிறிய தணலில் மரக்கரண்டியால் கிண்டிக்கொண்டே நின்றார். பூண்டு சிவக்கக்கூடாது, கரையவேண்டும். சிவந்தால் கசக்கும் என்று இரண்டு முறை சொன்னார். பிறகு எலும்பு நீக்கிக் கழுவிய நெத்திலியைப் போட்டதும் அது எண்ணெயிலேயே உருகி, பழுப்பு நிறத்தில் ஒரு குழம்பாகிவிட்டது. மேசையில் ஆளாளுக்கு ஒரு குட்டி மண்கிண்ணம், அடியில் மெழுகுவத்தி எரிய இடம், ஆறாமல் இருக்க. சுற்றிலும் பச்சையும் வேகவைத்ததுமாகக் காய்கள்: குடமிளகாய், முட்டைக்கோஸ், பீட்ரூட், உருளைக்கிழங்கு.

நடுவில் இருந்தது கூன் கார்டோ. பார்க்கச் செலரித் தண்டைப் போல இருக்கும், ஆர்டிசோக் குடும்பத்துச் செடி. பெல்போ ஆற்றோரத்து மணல் நிலத்தில் வளர்க்கிறார்கள். செப்டம்பரில் செடியைச் சாய்த்து மண்ணால் மூடிவிடுவார்கள். அது வெளிச்சம் தேடி மேலே எழ முயன்று கூன் விழுகிறது, வெயில் படாததால் வெளுத்துக் கசப்பை இழக்கிறது. கார்டோவை வேகவைத்துத்தான் சாப்பிடுவது மற்ற இடத்து வழக்கம், இதைப் பச்சையாகவே கடிக்கலாம். தண்டை ஒடித்து, கிண்ணத்தில் தோய்த்து, எண்ணெய் சொட்டாமல் இருக்க அடியில் ரொட்டித் துண்டு பிடித்துக்கொண்டு வாயில் வைத்தேன். உப்பு, பூண்டு, எண்ணெய், பின்னால் லேசான கசப்பு. நாக்கு முழுக்க எண்ணெய்ப் படலம். ஒரு வாய் இளம் பார்பெரா. படலம் போய்விட்டது, வாய் முதல் கவளத்துக்குத் தயாராக இருந்தது. துவர்ப்பு மிகுந்த ஒயினாக இருந்திருந்தால் மீனோடு சேர்ந்து வாயில் ஒரு கசப்பு நின்றிருக்கும். கடைசியில் கிண்ணத்தில் மிஞ்சிய குழம்பில் அந்த அம்மா ஒரு முட்டையை உடைத்து ஊற்றிக் கிண்டிக் கொடுத்தார். அதற்கும் பார்பெராதான்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். அன்யொலொட்டி டெல் ப்ளின் என்று நகத்தளவு பாஸ்தாப் பொட்டலங்கள், உள்ளே வறுத்த இறைச்சி. ப்ளின் என்றால் கிள்ளு, விரலால் கிள்ளி மூடுவதால். இதை வெந்தபின் ஒரு கிண்ணம் பார்பெராவிலேயே போட்டுக் கரண்டியால் சாப்பிடுகிற பழைய பழக்கம் உண்டு. கத்தியால் கொத்திய பச்சை மாட்டிறைச்சி, சலாமி, பச்சைப் பார்ஸ்லிச் சாஸில் ஊறிய நெத்திலி, இவற்றுக்கெல்லாம் இளம் பார்பெரா. பலவகை இறைச்சியை வேகவைத்துப் பரிமாறும் போலித்தோ மிஸ்தோ, ஒயினில் ஊறவைத்து மணிக்கணக்காக வேகவைத்த மாட்டிறைச்சி, முற்றிய மலைப் பாலாடைக்கட்டி, இவற்றுக்குச் சுப்பீரியோரே அல்லது நிட்சா. ரொபியோலா போன்ற இளம் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டிக்கு மரம் படாததே மேல். வீட்டில் எதுவும் இல்லையா, பீட்சா வரவழைத்துவிடுங்கள். தக்காளி, சீஸ், எண்ணெய் மூன்றும் சேர்ந்தால் பார்பெராவுக்கு வேறென்ன வேண்டும்.

சேராதவையும் உண்டு. இனிப்பு கூடவே கூடாது, ஒயின் வெறும் புளிக்கரைசலாகிவிடும். அந்த ஊரிலேயே ஹேசல்நட் கேக்குக்கு மொஸ்காட்டோ டாஸ்டி என்ற இனிப்பு ஒயினுக்கு மாறிவிடுவார்கள். ஆவியில் வேகவைத்த மீன், இறால் போன்ற மென்மையான சாப்பாட்டை இது அமுக்கிவிடும். பச்சைமிளகாய்க் காரத்தோடும் கவனம் வேண்டும். ஆல்கஹால் அந்த எரிச்சலைக் கூட்டும், 15 சதவீதப் பாட்டிலில் அது நன்றாகவே தெரியும். காரச் சாப்பாட்டோடு குடித்தே தீரவேண்டுமானால் ஆல்கஹால் குறைந்த இளம் வகையைக் குளிரவைத்து எடுங்கள்.

மிச்சமும் சேமிப்பும்

திறந்த பாட்டிலைக் கார்க்கை இறுக்கி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் நன்றாகவே இருக்கும். அதற்குமேல் ஆனால் வெங்காயம், கேரட், இறைச்சியோடு சேர்த்து மெதுவாக வேகவையுங்கள். திறக்காத இளம் பார்பெராவைச் சேர்த்து வைக்கவேண்டாம், அதன் அழகே அந்த முதல் மூன்று நான்கு வருடத்துப் பழவாசனைதான். நல்ல நிட்சா என்றால் பத்து வருடம் தாங்கும். வெளிச்சமும் சூடும் படாத இடத்தில் படுக்கவைத்திருங்கள். சமையலறை அலமாரி வேண்டாம்.

நேரில் போவதானால்

நவம்பரில் போங்கள். கார்டோ அப்போதுதான் கிடைக்கும், பாஞா காவ்டா பல உணவகங்களில் இருக்கும், குன்றுகளில் கொடிகள் நிறம் மாறி நிற்கும். இந்தத் திராட்சைக் குன்றுகளை 2014இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதன் ஆறு பகுதிகளில் ஒன்றின் பெயரே "நிட்சா மொன்ஃபெராட்டோவும் பார்பெராவும்". மற்றொரு பகுதியில் இன்ஃபெர்னோட் என்ற சின்னஞ்சிறு நிலவறைகள் இருக்கின்றன. வீட்டுக்கு அடியில் கல்லைக் கையால் குடைந்து பாட்டில் அடுக்க மேடை செதுக்கியவை. ஜன்னல் இல்லை, காற்று இல்லை, வருடம் முழுக்க ஒரே குளிர்ச்சி. குளிர்காலத்தில் வயல் வேலை இல்லாத விவசாயிகள் குடைந்தது என்கிறார்கள். உள்ளே நின்று சுவரைத் தடவினால் உளியின் தடம் விரலில் படும்.

டுரினிலிருந்து ஆஸ்டிக்கு ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம், அங்கிருந்து நிட்சாவுக்குக் கிளைப்பாதை இருக்கிறது. போகும் நாளில் வண்டி ஓடுகிறதா, ரயிலுக்குப் பதில் பேருந்தா என்று முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள். கார் எடுத்தால் ஓட்டுகிறவர் குடிக்கக்கூடாது. இத்தாலியில் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம்தான் வரம்பு, புதிதாக உரிமம் வாங்கியவருக்கு அந்த அளவுகூட அனுமதி இல்லை, குன்றுச் சாலைகளோ வளைவு மேல் வளைவு. நிட்சாவின் பழைய மாளிகை ஒன்றில், பலாட்சோ குரோவா என்று பெயர், மாநில ஒயின் கூடம் இருக்கிறது. அந்தப் பகுதியின் பல பண்ணைகளின் பாட்டில்களை அங்கே ஒரே இடத்தில் ருசி பார்க்கலாம். ஒவ்வொன்றிலும் ஒரு வாய் போதும். எது பிடித்ததோ அதன் பெயரையும் அறுவடை வருடத்தையும் குறித்துக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது அதையே கேளுங்கள்.